நடவாத கதைகளில் நடப்பவை



ஒரு நாவலைக் கையில் எடுத்ததும் "இப்படியும் நடக்குமா?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். ஈழத்துத் தமிழ் வாசகரிடத்தே இக்கேள்வி சற்று ஆழமாகவே வேரூன்றியுள்ளது. 1950களிலும் 1960களிலும் வலுப்பெற்ற முற்போக்கு இலக்கிய இயக்கம் யதார்த்தத்தையும் மண்வாசனையையும் ஆக்க இலக்கியத்தின் உயிராகக் கொண்டது. பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தது. நாவலைச் சமூகத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் நோக்கு நமக்கு அவ்வழி வந்த செல்வமாகும். அதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வகுப்பறையிலும் அதனையே கற்பிக்கிறேன்.

ஆயினும் அதன் நிழலில் ஒருவகை நாவல்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. மந்திரவாதியும் பறக்கும் நாகமும் வேற்றுக் கிரகவாசியும் வரும் கதைகள் சிறுவர்க்குரியவை, பொழுதுபோக்குக்குரியவை என்பது பலரது முடிவு. அத்தகைய நாவல்களோடு ஒரு வாசகன் என்ற வகையில் எனக்குள்ள பழக்கத்தைக் கொண்டு, இம்முடிவு பொருந்துமா என்பதை இன்று நோக்குவோம்.

முதலில் ஒரு பாகுபாடு அவசியம். நடவாத ஒன்றைச் சொல்லி, அதற்கு அறிவியல் அடிப்படையில் ஒரு காரணமும் காட்டுவது விஞ்ஞானப் புனைகதை. அவ்வாறு காரணம் காட்டாது, தனக்கென ஓர் உலகையும் அவ்வுலகுக்கென விதிகளையும் வகுத்துக்கொள்வது அதீத கற்பனை நாவல். இரண்டுக்கும் பொதுவான இலக்கணம் ஒன்றுண்டு. ஆசிரியர் ஒரு பொய்யை மட்டுமே கேட்டுப் பெறுகிறார். அதனை நாம் கொடுத்துவிட்டால், எஞ்சிய யாவும் அதிலிருந்து முறைப்படி விளைய வேண்டும். அடுத்தடுத்துப் பொய்களைக் கேட்பவர் நல்ல நாவலாசிரியர் அல்லர்.

இதற்குச் சிறந்த சான்று மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்ரைன்'. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசு வானிற் பரவியமையால் 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில், மழைக்கு வீட்டினுள் முடங்கியிருந்த நண்பர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுமாறு கவிஞர் பைரன் கூறினார். அப்போது பதினெட்டு வயதினராயிருந்த மேரி தொடங்கிய கதையே 1818இல் நாவலாக வெளிவந்தது.

இந்நாவலைப் பல்கலைக்கழக நாள்களில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பிராங்கன்ஸ்ரைன் என்பது பூதத்தின் பெயரன்று, அதனை உருவாக்கிய இளைஞனின் பெயர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். உருவாக்கப்பட்ட உயிருக்கு நாவல் முழுவதிலும் பெயரே இல்லை. அது ஒரு குடிசைக்கு அருகே மறைந்திருந்து, உள்ளே பேசுவோரைக் கேட்டுக் கேட்டே மொழியைக் கற்கிறது. ஒருநாள் துணிந்து உள்ளே போகிறது. அங்கிருக்கும் கண்பார்வையற்ற முதியவர் அதனோடு அன்பாகப் பேசுகிறார். வெளியே சென்றிருந்த மகன் திரும்பி வந்து அதன் உருவத்தைக் கண்டதும் அடித்துத் துரத்துகிறான். பேச்சைக் கேட்டவர் மனிதனாக ஏற்றார். தோற்றத்தைக் கண்டவன் மிருகமாக எண்ணினான். பிணங்களின் உறுப்புகளைப் பொருத்தி உயிர் கொடுத்தல் என்ற ஒரு பொய்யை ஒப்புக்கொண்டோம். கிடைத்ததோ, ஒருவனை அவன் அடையாளங் கண்டு வெறுத்தல் என்ற பெரிய உண்மை. இதனை உணர இலங்கை வாசகர் எவருக்கும் உரை தேவையில்லை.

அதீத கற்பனைக்கு வருவோம். அமெரிக்க எழுத்தாளர் ஊர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட நாவல் 'எர்த்சீயின் மந்திரவாதி'. எர்த்சீ என்பது தீவுக்கூட்டங்களாலான ஒரு கற்பனை உலகு. அங்கே ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மீது அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்துக்கும் எல்லையுண்டு. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடத்தில் வரட்சி நேரலாம். ஆட்டிடையனாக வளர்ந்த கெட் என்ற சிறுவன் மந்திரக் கல்விக்கூடத்தில் சேர்கிறான். சக மாணவனிடம் தன் வல்லமையைக் காட்டும் செருக்கில் இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். அந்தப் பிளவினூடே ஒரு நிழலும் வந்துவிடுகிறது. அதனை அஞ்சி ஓடுமளவும் அதன் வலிமை பெருகுகிறது. இறுதியில் திரும்பி நின்று அதனைத் துரத்திச் சென்று, அதற்குத் தன் பெயரையே சூட்டுகிறான். தனக்குள் இருந்த இருளைத் தனதென்று ஒப்புக்கொண்ட அக்கணமே அவன் முழுமனிதனாகிறான். போர் இல்லை, எதிரியைக் கொல்லுதல் இல்லை. வீரம் என்றாற் கொல்லுதல் என்று கேட்டு வளர்ந்த என்போன்றோருக்கு இம்முடிவு புதியது.

நம் நாட்டோடு நேரடித் தொடர்புடைய ஒரு நாவலும் உண்டு. 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008இல் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளார்க் எழுதிய 'சுவர்க்கத்தின் நீரூற்றுகள்' அது. வெளிவந்த ஆண்டு 1979. பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு கோபுரம் எழுப்ப முனையும் பொறியியலாளரின் கதை. அத்தகைய கோபுரம் பூமத்திய ரேகையில் அமைய வேண்டும் என்பது பௌதிக விதி. எனவே கிளார்க் இலங்கையைத் தெற்கே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் நகர்த்தி, தப்ரபேன் எனப் பெயரிட்டார். சிவனொளிபாத மலையையும் சிகிரியாவையும் அங்கே வேறு பெயர்களிற் காணலாம். கோபுரத்துக்கு உகந்த மலையின் உச்சியில் துறவிகளின் மடம் ஒன்றுள்ளது. அவர்கள் அதனை விட்டு வெளியேற வேண்டும். மனிதகுலத்தின் முன்னேற்றத்துக்காகச் சிலர் தம் இடத்தை இழக்கலாமா? கோபுரம் கற்பனைதான், அக்கேள்வி கற்பனையன்று.

இனி, தப்பியோடுதல் என்ற குற்றச்சாட்டு. 'மோதிரங்களின் தலைவன்' என்ற பெருநாவலின் ஆசிரியரும், 1916இல் சொம் போர்க்களத்தைக் கண்டவருமாகிய பேராசிரியர் ரோல்கியன் 1939இல் நிகழ்த்திய உரையொன்றில் இதற்கு விடை கூறியுள்ளார். சிறையிலிருப்பவன் வெளியேற விரும்புவதும், படைவீரன் களத்தை விட்டு ஓடுவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதத்தின் சாரம்.

இதை என் அனுபவத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில், வாரப் பத்திரிகையிற் கிழித்துக் கட்டிய சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் படித்தேன். ஜீவா என்னும் சர்வாதிகாரியின் எதிர்கால ஆட்சி. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக நாங்கள் 'பாஸ்' எடுக்க வேண்டியிருந்த காலம் அது. ஜீனோ என்ற இயந்திர நாய் பேசுமா என்று நான் கேட்கவில்லை. அனுமதிக்காகக் காத்திருத்தல் என்றால் என்ன என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வீட்டிற் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை அந்நாவல் சொல்லியது. நான் எங்கும் தப்பியோடவில்லை. இருந்த இடத்தையே கண்டேன்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் மணிமேகலை கற்பிக்கையில், "சேர், அமுதசுரபி பொய்தானே? பிறகேன் படிக்க வேணும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "பாத்திரம் பொய், பிள்ளை. பசி?" என்றேன். அவள் சற்று யோசித்து, "காயசண்டிகையின்ர பசி பொய்யில்லை" என்றாள். யானைத்தீ என்னும் நோயால் எவ்வளவு உண்டும் அடங்காத பசியோடு அலைந்தவள் காயசண்டிகை. சாத்தனார் ஒரு மாயப் பாத்திரத்தைப் படைத்தது பசியை மறக்கச் செய்வதற்கன்று. சிறைக்கோட்டம்வரை அதனைப் பின்தொடர்ந்து காட்டுவதற்கே. மணிபல்லவத்தை நயினாதீவெனக் கொள்வோர் பலருளர். அவ்வழி நோக்கின், இவ்வகைக் கற்பனை நமக்குத் தொலைவானதன்று.

எனவே அன்பர்களே, இத்தகைய நாவலைக் கையில் எடுத்தால் "நடக்குமா?" என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கிவைத்து, மூன்றைக் கேளுங்கள். இவ்வுலகுக்கு விதி உண்டா? அங்கே வல்லமைக்கு விலை உண்டா? நூலை மூடியபின் நம் தெருவிற் காணும் ஏதேனும் ஒன்று முன்னிலும் தெளிவாகத் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் எனில், அது நம் அலுமாரியில் யதார்த்த நாவல்களின் பக்கத்திலேயே இருக்கத் தக்கது. மூன்றாவதற்கு இல்லை எனில், நாகம் எத்தனை தலையோடு பறந்தாலும் பயனில்லை.