ஒவ்வாமையும் மூலிகைச் சத்துகளும்

பெருமாள் திருக்கோயில்களில் துளசி தீர்த்தம் பெறும் அன்பர்கள் பலர், துளசி தும்மலையும் மூக்கடைப்பையும் போக்கும் என்று பெரியோர் கூறக் கேட்டிருப்பர். இதில் உண்மை எவ்வளவு என்பதை அறிய, முதற்கண் ஒவ்வாமை என்பது யாது எனத் தெளிதல் வேண்டும்.

உடலில் இயல்பாக அமைந்த காப்புத் திறன், தீங்கு செய்யாத தூசியையும் மகரந்தத்தையும் பகையெனக் கருதிப் போர் தொடுப்பதே ஒவ்வாமை. ‘அலர்ஜி’ என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டில் உருவாக்கியவர் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே ஆவார். மூக்கு, கண், மூச்சுக்குழல், தோல் ஆகிய இடங்களில் ‘மாஸ்ட் செல்’ எனப்படும் உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் ஹிஸ்டமின் என்னும் பொருள் சிறு மணிகளாக அடைபட்டிருக்கும். ஒவ்வாப் பொருள் தீண்டியதும் அது வெளிப்படுகிறது. தும்மல், நீர் வடிதல், அரிப்பு, தடிப்பு ஆகியன பெரும்பாலும் அதன் விளைவே.

இவ்வுயிரணுக்களை அடக்கும் மருந்து ஒன்று செடியிலிருந்து தோன்றிய வரலாறு வியப்புக்குரியது. எகிப்து நாட்டில் கெல்லா என்றொரு செடி உண்டு. அது சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறுநீரகக் கல்லால் வரும் வலிக்கு அதன் கஷாயத்தை அந்நாட்டார் நெடுங்காலமாகப் பருகி வந்தனர். அதிலுள்ள கெல்லின் என்னும் சத்து தசைகளைத் தளர்த்தும். ஆயினும் குமட்டலையும் தரும். இங்கிலாந்தில் மருந்து நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த மருத்துவர் ரோஜர் அல்டூனியன், கெல்லினை அடியொற்றி ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். தாமே ஆஸ்துமா நோயாளியாதலின், தம் உடலையே சோதனைக்களமாக்கினார். கினிப்பன்றியின் உரோமத்திலிருந்து எடுத்த சாற்றை மூச்சில் இழுத்து, வேண்டுமென்றே இழுப்பை வருவித்துக்கொள்வார். புதிய பொருள் அதனைத் தடுக்கிறதா என அளந்து பார்ப்பார். ஆண்டுகள் பல இவ்வாறு கழிந்தபின், 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் என்னும் மருந்து கிட்டியது. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளிவிடாதபடி அது காக்கிறது. கண் ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்தாக இன்றும் பயன்படுகிறது. எனினும் வந்துவிட்ட இழுப்பை அது நிறுத்தாது. வருமுன் காப்பதே அதன் தொழில். எகிப்தியர் பருகிய கஷாயமே மருந்தாகிவிடவில்லை என்பதும் கருதத்தக்கது.

தமிழகத்து வேலியோரங்களில் தழைக்கும் ஆடாதோடையும் இத்தகையதே. ஆடும் தொடாத கசப்புடையது என்பர். அதிலுள்ள வாசிசின் என்னும் சத்தை முன்மாதிரியாகக் கொண்டு புரோம்ஹெக்சின் என்னும் இருமல் மருந்து ஆக்கப்பட்டது. அது கோழையை இளக்குமேயன்றி ஒவ்வாமையின் வேரைத் தொடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஆதலின் கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயத்தை அறவே தவிர்த்தல் வேண்டும்.

இனித் துளசிக்கு வருவோருக்கு விடை இதுவே: துளசியில் யூஜெனால், ரோஸ்மரினிக் அமிலம் முதலிய சத்துகள் உள்ளன. வெங்காயத்தில் குவெர்செடின் உண்டு. மஞ்சளில் குர்குமின் உண்டு. ஆய்வுக்கூடச் சோதனைகளில் இவை அழற்சியைத் தணிக்கும் ஆற்றலைக் காட்டியுள்ளன. ஆயின் குவெர்செடினும் குர்குமினும் உண்டபின் குருதியில் சேர்வது மிகச் சிறிதளவே. குழாயில் கண்டது உடலிலும் நிகழும் எனக் கொள்வது அவசர முடிபாகும். தீர்த்தத்திலுள்ள ஓரிரு துளசி இலைகளை மருந்தளவாக எண்ணுதலும் பொருந்தாது; தீர்த்தத்தின் பெருமை வேறு.

செடிகளே ஒவ்வாமையைத் தருவதும் உண்டு. பார்த்தீனியக் களையால் தோல் அழற்சியுற்ற சிலருக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த சாமந்திப் பூவும் ஒவ்வாமற் போகும். மாலை தொடுப்போர் விரல்களில் அரிப்போ வெடிப்போ கண்டால் தோல் மருத்துவரிடம் காட்டுதல் நலம்.

ஆஸ்துமா உடையோர் கஷாயத்தை நம்பி மருத்துவர் தந்த இன்ஹேலரை நிறுத்துதல் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். மூலிகை உட்கொள்வோர் அதனையும் மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும். உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு அடைத்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாது, உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.