பந்தயச் சாலை – 9: வீட்டுக் கொட்டகையிலிருந்து டேடோனாவுக்கு

சென்ற வாரம் தொழிற்சாலை அணிகளைப் பார்த்தோம். எஞ்சினுக்கு ஒரு பிரிவு, சேஸிஸுக்கு ஒரு பிரிவு, டயருக்கென்றே தனி ஆட்கள் என்று அங்கே வேலை பிரிந்து கிடக்கும். இந்த வாரம் அந்த வசதி எதுவுமே இல்லாத ஓர் அணி. ஊர், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச். ஆள், ஜான் பிரிட்டன்.

1950-இல் பிறந்தவர். டிஸ்லெக்ஸியாவால் எழுதப் படிக்கச் சிரமப்பட்டவர், அதையும் மீறி எஞ்சினியரானார். கண்ணாடியில் அழகழகாக விளக்குகள் செய்தார், நிலம் கட்டடம் சார்ந்த தொழிலும் பார்த்தார். பந்தயத்தால் அவருக்கு வருமானம் கிடையாது; சம்பாதித்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டிய இடம் அது. 1980களில் பிறர் செய்த எஞ்சினை வாங்கி, அதைச் சுற்றித் தானே வண்டி கட்டிப் பார்த்தார். எஞ்சின் நம்பும்படி ஓடவில்லை. சரி, எஞ்சினையும் நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார். பெரிய கம்பெனிகளே யோசித்து யோசித்து எடுக்கும் முடிவு அது.

உதவிக்கு வந்தவர்களில் பலர் நண்பர்கள். பகலில் தங்கள் வேலை, இரவில் பிரிட்டனின் கொட்டகை. வி1000 என்ற மோட்டார் சைக்கிள் அப்படித்தான் உருவானது. 999 சிசி, இரண்டு சிலிண்டர், வி வடிவ எஞ்சின். வார்த்தெடுத்த அலுமினியப் பாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். அதற்கென்று உலை வாங்கப் பணமில்லை. மனைவியின் மண்பாண்டச் சூளைக்குள் வைத்துச் சுட்டார்கள். குளிர்விக்க நீச்சல் குளத்துத் தண்ணீர். மேல்மூடியின் வடிவத்தை வரைபடத்தில் போடவில்லை. கம்பியை வளைத்து, சூடான பசையால் ஒட்டி, எட்ட நின்று பார்ப்பார். காற்று எங்கே தட்டும், எங்கே வழுக்கும் என்று கண்ணாலேயே அளந்து, மறுபடி வளைப்பார். மனம் ஒப்பிய பிறகுதான் அச்சு எடுத்தார்கள்.

ஏட்டுக்கு அடங்காத கைவேலை மட்டும்தான் இது என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியின் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது. வழக்கமான வண்டியில் சேஸிஸ் எஞ்சினைத் தாங்கும். பிரிட்டன் சேஸிஸையே எடுத்துவிட்டார். எஞ்சினே முதுகெலும்பு, முன்பக்கமும் பின்பக்கமும் அதிலேயே பூட்டப்பட்டன. ரேடியேட்டர் முன்னால் இருந்தால் வண்டி அகலமாகும், காற்றும் தடுக்கும். ஆகவே அதை இருக்கைக்கு அடியில் தள்ளி, முகப்பிலிருந்து காற்றை அங்கே கொண்டுவந்தார். பின்சக்கரத்தின் ஷாக் அப்சார்பரை எஞ்சினுக்கு முன்னால், காற்றுபடும் இடத்துக்கு மாற்றினார். பிரேக் பிடித்தால் சாதாரண ஃபோர்க் அமுங்கி வண்டி மூக்கைக் குத்தும் என்பதால், கார்பன் ஃபைபரில் வேறு மாதிரி முன்ஃபோர்க் செய்தார். சக்கரங்களும் கார்பன்தான், அவையும் கொட்டகையில் செய்தவையே. எஞ்சினின் போக்கைப் பதிவு செய்ய வண்டியிலேயே கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாம் சேர்ந்து எடை 138 கிலோ; சக்தி 166 குதிரைத் திறன்.

1991-இல் இதற்கு முந்தைய வடிவத்தோடு அமெரிக்காவின் டேடோனாவுக்குப் போய், இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கான பந்தயத்தில் இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு புது வண்டி. ஓட்டியவர் ஆண்ட்ரூ ஸ்ட்ரவுட். எஞ்சினில் விரிசல் கண்டு, பிரிட்டன் இரவெல்லாம் உட்கார்ந்து வெல்டிங் வைத்தார். பந்தயத்தில் ஸ்ட்ரவுட், பாஸ்கல் பிகோட்டின் டுகாட்டியை முன்சக்கரம் தரையை விட்டு எழும்பத் தாண்டிப் போனார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். முடிவை நெருங்கும்போது வண்டி நின்றுவிட்டது. ராத்திரி வெல்டிங் வைத்த இடம் தாங்கியது. கைவிட்டது மின்சாரப் பகுதியில் இருந்த ஒரு சின்ன உறுப்பு. அந்த உறுப்பு அவர்கள் செய்ததல்ல, கடையில் வாங்கியது.

வேறோர் அணியாக இருந்தால் அத்தோடு மூட்டை கட்டியிருக்கும். இவர்கள் திரும்பிப் போய் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். 1993-இல் நியூசிலாந்தில் மணிக்கு 302 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 1000 சிசி பிரிவில் உலக வேகச் சாதனை படைத்தார்கள். 1994-இல் டேடோனாவில் முதலிடமே வந்தது.

அதே 1994-இல்தான் பெரிய இடியும் விழுந்தது. அயில் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயம் பொதுச்சாலையில் நடப்பது. ஒரு சுற்றே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இருபுறமும் கல்சுவர், வீடு, மரம். அதன் பயிற்சி ஓட்டத்தில் பிரிட்டன் வண்டியை ஓட்டிய மார்க் ஃபார்மர் விழுந்து இறந்தார். சாலைப் பந்தயத்தைப் பற்றி எழுதும் யாரும் இந்தக் கணக்கை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொல்லக் கூடாது. கனவு காண்பவர் ஒருவர். அதன் மேல் ஏறி உட்கார்ந்து உயிரைப் பணயம் வைப்பவர் இன்னொருவர்.

1995-இல் பேர்ஸ் என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரில் ஸ்ட்ரவுட் முதலிடம், இன்னொரு பிரிட்டன் வண்டியில் ஸ்டீபன் பிரிக்ஸ் இரண்டாமிடம். அதே ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, தோல் புற்றுநோயால் ஜான் பிரிட்டன் காலமானார். வயது 45.

தனியார் அணியின் பலமும் பலவீனமும் இந்த ஒரே கதையில் இருக்கின்றன. யோசிப்பவரும் முடிவெடுப்பவரும் கையை அழுக்காக்கிக்கொள்பவரும் ஒருவரே என்பதால், பெரிய கம்பெனி தொடத் தயங்கிய மாற்றங்களைப் பிரிட்டன் ஒரே வண்டியில் செய்து காட்டினார். அந்த ஒருவர் போனதும் அவர் இடத்தை நிரப்ப ஆளில்லை. தொழிற்சாலை அணியில் தலைமை எஞ்சினியர் போனால் நாற்காலிக்கு இன்னொருவர் வருவார். இங்கே நாற்காலியே இல்லை. என்றாலும், பணமும் ஆளும் சேர்ந்த பிறகுதான் நல்ல வண்டி செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மொத்தம் செய்யப்பட்டவை பத்தே பத்து வண்டிகள். அவற்றில் ஒன்று வெலிங்டனில், நியூசிலாந்தின் தேசிய அருங்காட்சியகமான டெ பாப்பாவில் இருக்கிறது.

(தொடரும்)