சென்கிளேயர் அருவி கண்டோம்

யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. குறிஞ்சித் திணையை விளக்க வரும்போது, மலை இன்னது, அருவி இன்னது என்று சுட்டிக் காட்டுதற்கு அவனுக்கு ஊரில் எதுவும் இல்லை. கீரிமலையின் பெயரில் மலை இருக்கிறதேயன்றி நிலத்தில் இல்லை. ஆறு என்று சொல்லிக்கொள்ள, மாரிகாலத்தில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றுண்டு. அருவி விழும்போது எவ்வளவு தூரத்திற்குச் சத்தம் கேட்கும் என்று மாணவர் வினவினால், நூலிற் படித்ததைச் சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான். 2024ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா நிறைவெய்தியபின் கிடைத்த சில நாள் விடுமுறையில், நாமும் மனைவியாரும் எமது சிறிய காரில் மலைநாடு நோக்கிப் புறப்பட்டமைக்கு இது ஒரு காரணம். தலவாக்கலைச் சென்கிளேயர் அருவியைத் தாம் காணவேண்டும் என்று மனைவியார் மணமான நாள்தொட்டுக் கேட்டுவந்தமை மற்றொன்று. இரண்டாவது காரணமே வலியது என்பதை இல்லறத்தார் அறிவர்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வீதி 321 கிலோமீற்றர். 2006ஆம் ஆண்டு மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டும் திறக்கப்பட்ட பாதை இது. நாம் விடியற்காலம் புறப்பட்டு, வவுனியாவில் உணவருந்தி, தம்புள்ளை கடந்து, பிற்பகலில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலை அடைந்தோம். கோயில் வாயிலில் நின்றபோது ஓர் எண்ணம் எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலே மாண்டோர் பலர். அவர்கள் நினைவாக, மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. அம்மனை வணங்கிவிட்டுக் கண்டியிற் சென்று தங்கினோம்.

மறுநாட் பயணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று ஏறிச் செல்லும் வீதியில் வளைவுகளை எண்ணத் தொடங்கிய மனைவியார், ஹற்றனுக்கு முன்னரே எண்ணுவதைக் கைவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். ஹற்றனுக்கு அப்பால் கொட்டகலை, பத்தனை. இவ்விடத்திலிருந்து பள்ளத்தாக்கின் மறுபுறத்தே முதலிற் காட்சி தருவது 97 மீற்றர் உயரமான டெவோன் அருவி. ஒல்லியாய், நெடிதாய், பசும் மலைச்சரிவில் இறங்கும் அதனை வண்டியை நிறுத்திச் சிறிது நேரம் பார்த்தோம். அங்கிருந்து தலவாக்கலை நோக்கிச் சில நிமிடம் சென்றால், கொத்மலை ஓயாவின் நீர் பாறைத் தட்டுகளின்மேல் விரிந்து விழும் சென்கிளேயர் வந்துவிடுகிறது.

உயரம் 80 மீற்றர். டெவோனிலும் இது குறைவே. ஆயினும் இதன் பெருமை உயரத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. இலங்கையில் மிக அகன்ற அருவி இதுவே என்பர். ‘சின்ன நயகரா’ என்னும் பெயரும் வழங்குகிறது. நீர் மூன்று படிகளாக இறங்குகின்றது. எதிர்ப்புறத்துச் சரிவிலே பதுளை செல்லும் புகையிரதப் பாதை, சுற்றிலும் தேயிலை. வீதியோரத்திலிருந்து பார்ப்போர்க்கு ஒரு புதுமை தோன்றும். நீர் விழுகிறது என்று மனம் அறிந்தாலும், தூரத்தின் காரணமாக அது மெல்ல மெல்ல இறங்குவதாகவே கண்ணுக்குப் படுகிறது. சத்தம் பிந்தி வருகிறது. காற்றுத் திரும்பினால் கூடுகிறது, மற்றப்படி குறைகிறது. எமது மாணவர்க்கு இனி இவ்வளவாவது சொல்லலாம் என்று மகிழ்ந்தோம். எனினும் படங்களிற் கண்ட அந்த அகன்ற வெள்ளம் அன்று இல்லை. பாறையின் கரிய முதுகு இடையிடையே வெளித்தெரிந்தது.

வீதியோரத்தில் அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையார், எமது முகக்குறிப்பை உணர்ந்தவராய், “இப்ப வர்றது அளந்து விடுற தண்ணிங்க ஐயா. எங்க அப்பா காலத்துல மழை நாள்ல லயத்துக் காம்பராவுல பேசுனா ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேக்காது” என்றார்.

அவர் கூறியதன் விளக்கம் இது. அருவிக்கு மேலே, தலவாக்கலை நகரின் அருகில், கொத்மலை ஓயாவை மறித்து ஓர் அணை கட்டப்பட்டுள்ளது. மேல் கொத்மலைத் திட்டம் என்பது அதன் பெயர். யப்பானிய கடனுதவியுடன் அமைக்கப்பட்டு 2012ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய இத்திட்டத்தின் ஆற்றல் 150 மெகாவாற்று. அணையில் தேங்கும் நீர், ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியாக மலையைக் குடைந்து சென்று, நிலத்தின் கீழ் அமைந்த மின்னிலையத்தில் இறங்கி, மீண்டும் கொத்மலை ஓயாவிற் சேர்கிறது. இடையில் இருக்கும் சென்கிளேயர் அருவியை அது காண்பதில்லை. முதலில் வகுத்த திட்டமோ அயலிலுள்ள வேறு ஓடைகளின் நீரையும் திருப்புவதாக இருந்தது. சூழல் ஆர்வலரும் மலையக மக்களும் நெடுங்காலம் எதிர்த்ததனால் அது சுருக்கப்பட்டது. சென்கிளேயருக்கும் பகற்பொழுதில் ஒரு குறித்த அளவு நீர் விடுவதென்று முடிவாயிற்று. மழை மிகுந்து அணை வழியும் காலத்தில் அருவி தன் பழைய கோலத்தைக் காட்டும். கோடையிலே பகலில் அளந்த நீர்; இரவில் பெரும்பாலும் பாறை.

இதனைக் கேட்டு வியப்போர்க்கு ஒரு செய்தி. பெரிய நயகராவின் நிலையும் இதுதான். அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, உல்லாசப் பயணிகள் வருங்காலத்துப் பகலில் வினாடிக்கு 100,000 கன அடி நீர் அருவியில் விழவேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதிற் பாதி போதும். எஞ்சியது மின்சாரத்திற்குச் செல்கிறது. சின்ன நயகரா பெயரில் மாத்திரமன்றி விதியிலும் பெரியதை ஒத்திருக்கிறது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இங்கே ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஆயிரம் லீற்றர் நீர் 80 மீற்றர் விழும்போது வெளிப்படும் சக்தி, எம் வீட்டு மின்மானியின் கணக்கில் ஓர் அலகின் ஐந்தில் ஒரு பங்கே. அதே நீர் சுரங்கவழியாக 400 மீற்றருக்கும் மேல் இறங்கும்போது, இழப்புகளைக் கழித்தாலும், ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் கிடைக்கிறது. ஆகவே எம் கண்முன் விழுந்த ஒவ்வோர் ஆயிரம் லீற்றரும் எங்கோ ஒரு வீட்டில் எரியாதுபோன ஓர் அலகு. காட்சிக்கு இத்துணைத் திட்டமாக விலை குறிக்கப்பட்ட அருவி வேறு உண்டோ என்று எண்ணி, நாம் சற்றுக் கசப்புடன் ஏதோ கூறினோம். இயற்கையை அளவுகோல் கொண்டு அளப்பதா என்ற கருத்தில்.

மனைவியார் உடன்படவில்லை. “சிக்கன விளக்கிலை படிச்ச ஆக்கள் நாங்கள். அதை மறந்துபோட்டுக் கதைக்கிறியளே?” என்றார்.

இளைய வாசகர்க்கு அவ்விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, கிடைத்தபோது விலை பன்மடங்கு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை இட்டு, அது நனையுமளவிற்கு மாத்திரம் எண்ணெய் வார்த்து, சிறு திரியொன்றை நிறுத்தினால் அதுவே சிக்கன விளக்கு. ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பிள்ளைகள் இருந்து படிப்பர். காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். எமது தலைமுறையினர் பலர் அவ்வொளியிலே படித்தே பரீட்சை எழுதினர். பின்னாளில் தேசிய மின்வடத்தின் இணைப்பு வந்தபோது யாழ்ப்பாணத்தார் அதனை ‘லக்சபானா மின்சாரம்’ என்றே அழைத்தனர். ‘லக்சபானா வந்திட்டுது’ என்று அயலார் கூவி அறிவித்ததை மனைவியார் நினைவூட்டினார். அந்த லக்சபானாவும் இம்மலைகளுள் உள்ள ஓர் அருவியின் பெயரே. மலையருவிகளின் நீரிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்தார்; அவர் கண்ட கனவு நனவாகி லக்சபானா மின்னிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்.

எமது உரையாடலைச் சோளம் விற்ற அம்மையார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “கரண்டு வேணாம்னு யாரும்மா சொல்லுவாங்க? எங்க லயத்துக்கு வெளிச்சம் வந்ததே ரொம்பப் பிந்தித்தான். அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் இருட்டு; அப்பிடித்தான் இருந்தோம்” என்றார் மனைவியாரைப் பார்த்து. மூத்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாளாம். இரவு பதினொரு மணிவரை விளக்கு எரிகிறதாம். அணை வந்தபோது ஆற்றங்கரையில் இருந்த உறவினர் சிலர் வீடு மாற்றப்பட்டனர்; புது வீடு பழையதிலும் நல்லதுதான் என்றும் அவர் மறைக்காது சொன்னார். அருவியின் சத்தம் நின்ற முதல் நாட்களில் மாமியாருக்கு உறக்கம் வரவில்லை என்பதை மாத்திரம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாமும் மனைவியாரும் எதிரெதிராக நின்று வாதித்த பொருள் அவர் வாயில் வேறொன்றாகிவிட்டது. அருவியின் அழகு வருவோர்க்கு; மின்சாரம் 1950 முதற்கொண்டு தொலைவிலுள்ள நகரங்களுக்கு; அருவியின் அருகே வாழ்ந்தோர் இரண்டையும் நெடுங்காலம் எட்டி நின்றே பார்த்தனர். லயங்கள் பலவற்றிற்கு மின்கம்பி மிகவும் பிந்தி வந்தது என்பது இந்நாட்டு வரலாற்றில் பெருமைக்குரிய செய்தியன்று. இருளில் இருந்தோம் என்று சொல்ல எமக்குப் போர் ஒரு காரணமாயிருந்தது. அவர்களுக்கு எது காரணம்?

ஐந்து மணிக்குப் பின் மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து எழுந்து அருவியை மறைத்தது. செல்ல விரும்பும் குடும்பத்தார் முற்பகலிலே செல்வது நன்று. பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வேண்டும். அன்றிரவு தலவாக்கலையில் தங்கினோம். நகரையடுத்து அணையில் நீர் அசைவின்றிக் கிடந்தது. மறுநாட் காலை நானுஓயா வழியாக நுவரெலியா செல்வதே திட்டம். ஆயினும், சிறிது பின்னோக்கிச் சென்று இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போவோம் என்று மனைவியார் சொல்ல, வண்டியைத் திருப்பினோம். சோளக்கடை இன்னும் திறக்கவில்லை. முதல் நாளிலும் பார்க்க நீர் மிகுந்திருந்தது. இரவு மழை பெய்திருந்தது.