பனிக்காலத்து அவரை



கார்த்திகை மாதத்திலே நம் வளவுகளில் அவரைக் கொடிகள் பல குற்றமின்றித் தண்டனை பெறுகின்றன. ஆவணியில் விதை ஊன்றி, கிணற்று நீர் வார்த்து, பந்தலும் இட்டாயிற்று. கொடியோ பந்தலை மூடிப் படர்ந்து கிடக்கின்றது. பூவை மட்டும் காணவில்லை. “இது மலட்டுக் கொடி” என்று தீர்ப்புக் கூறி, அடியோடு வெட்டி ஆட்டுக்குப் போடுவார் உளர். இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் அக்கொடி தம் வீட்டுக்கும் அயல் வீட்டுக்கும் கறிக்குக் காய் தந்திருக்கும்.

நான் கூறுவது பந்தலிலும் வேலியிலும் படரும் பழைய கொடியவரையைப் பற்றி. எக்காலத்தும் பூக்கும் குற்றவரை இனங்கள் இப்பொழுது கிடைக்கின்றன. அவற்றின் இயல்பு வேறு.

பனி விழுந்தால்தான் அவரை பூக்கும் என்பர் நம் முதியோர். இவ்வறிவு மிகப் பழையது. குறுந்தொகையின் 82 ஆம் பாட்டிலே, பிரிந்து சென்ற தலைவன் இன்னும் வரவில்லையே என வருந்தும் தலைவி, அவன் வாராத பருவத்தைக் குறிக்க அவரையையே காட்டுகின்றாள். தினை கொய்த தாளிலே படர்ந்த கொழுவிய அவரைக் கொடி பூக்கும் பனிக்காலம் அது. காலத்தைக் காட்டப் புலவருக்கு நாட்காட்டி வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் பூவை அழைப்பது பனியன்று. பனியோடு கூட வரும் நீண்ட இரவே அதனை அழைக்கின்றது. அமெரிக்க ஆய்வாளர்களான கார்னர், அலார்ட் என்னும் இருவர் 1920 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டனர். அவர்களுக்கு வழி காட்டியது ஒரு புகையிலை இனம். கோடையில் வயலிலே அது ஓங்கி வளரும், பூவாது. மாரிக் காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால் பூக்கும். பகல் குறுகி இரவு நீளுதலே காரணம் என அவர்கள் கண்டனர். நமது கொடியவரையும் அவ்வினத்ததே. யாழ்ப்பாணத்தில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழி மாதப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நாம் கவனியாத அச்சிறு வேறுபாட்டைக் கொடி கணக்கு வைத்திருக்கின்றது! ஆதலின் இரவு முழுதும் எரியும் மின்விளக்கின் கீழே பந்தல் இடாதிருத்தல் நன்று.

விதை ஊன்றுதற்கு ஆடி, ஆவணி ஏற்ற மாதங்கள். ஒன்றரை அடி அகலமும் அவ்வளவு ஆழமும் உடைய குழி வெட்டி, மக்கிய எருவும் குழையும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. மாரி மழை தேங்கினால் வேர் அழுகும். எனவே குழியின் வாய் நிலத்தினும் சிறிது மேடாக இருத்தல் வேண்டும். ஓர் அங்குல ஆழத்தில் நான்கு விதை இட்டு, முளைத்தபின் நல்லன இரண்டை நிறுத்துக. பந்தல் ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் இருப்பின் காய் பறிப்பது எளிது.

பூக்கவில்லையென்று யூரியாவை அள்ளியிடுதல் இரண்டாவது தவறு. அவரையின் வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடிக்கு ஊட்டுகின்றன. அதற்கு மேலும் நாம் ஊட்டினால் இலைதான் தழைக்கும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல் விவசாயிகள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. அவரைப் பந்தலுக்கு அத்தடையால் ஒரு குறையும் இல்லை.

பூ வருங்கால் பகையும் வரும். அழுக்கணவன் எனப்படும் கரிய பேன்கள் இளந்தளிரிலும் பூங்கொத்திலும் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். எறும்பு சாரி சாரியாகக் கொடியில் ஏறினால் பேன் வந்துவிட்டது என அறிக. மிகுதியாகப் பற்றிய நுனிகளைக் கிள்ளி அகற்றுக. எஞ்சியவற்றை நீரால் விசிறியடித்து வீழ்த்தலாம். பொறிவண்டு இப்பேன்களைத் தின்னும். உண்ணும் காய்க்கு நஞ்சு தெளித்து அவ்வண்டையும் கொல்லுவானேன்?

விதை புடைக்குமுன் காயைப் பறித்தல் வேண்டும். பறிக்கும்போது பூந்தண்டை முறித்துவிடற்க. அத்தண்டிலேயே மீண்டும் பூ அரும்பும். முற்றி உலர்ந்த விதையைச் சமைப்போர் ஒன்று கவனிக்க. அதில் சயனைட்டு நஞ்சைத் தோற்றுவிக்கும் பொருள் உண்டு. இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புது நீரில் நன்றாக அவித்து, அவித்த நீரையும் கொட்டிய பின்னரே உண்ணுக. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணலாகாது.

அடுத்த ஆண்டு விதைக்கென, நிறையக் காய்த்த நோயற்ற கொடியில், முதலில் வந்த திரண்ட காய்கள் சிலவற்றைத் தொடாது விட்டுவிடுக. பிள்ளைகள் பறித்துவிடாதபடி அவற்றிலே ஒரு சிவப்பு நூல் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கொடியிலேயே உலர்ந்தபின் உடைத்து, வெயிலில் காயவிட்டு, சாம்பல் கலந்து போத்தலில் இறுக மூடி வைத்தால் ஆவணி வரையும் வண்டு அணுகாது.