ரத்தமா? வளர்ப்பா?

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது பழமொழி.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பதும் பழமொழிதான்.

முதல் பழமொழி பரம்பரையின் கட்சி. இரண்டாவது, வளர்ப்பின் கட்சி. எது சரி?

மற்ற ஊர்களில் இது திண்ணைப் பேச்சு. சேலம், நாமக்கல் பக்கத்திலோ, இது பல குழந்தைகளின் வாழ்க்கையையே தீர்மானித்த கேள்வி!

அரசாங்கத் தொட்டில்

ஒரு காலத்தில் சேலம் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில், பெண் குழந்தை பிறந்தால் வீட்டில் துக்கம். வரதட்சிணைக்குப் பயந்து, பிறந்த சிசுவைக் கொல்லும் கொடுமையும் நடந்தது.

இதைத் தடுக்க, 1992-ம் ஆண்டில் தமிழக அரசு "தொட்டில் குழந்தைத் திட்டம்" கொண்டு வந்தது. முதன் முதலில் சேலம் மாவட்டத்தில்தான் அது தொடங்கியது. அப்போது நாமக்கலும் அந்த மாவட்டத்தில் சேர்ந்திருந்தது. 1997-ல்தான் தனி மாவட்டம் ஆயிற்று.

குழந்தையை வளர்க்க முடியாதவர்கள் அதைக் கொல்ல வேண்டாம்; தொட்டிலில் விட்டுச் செல்லலாம்; அரசாங்கம் காப்பாற்றும் என்பதே திட்டம். அப்படி வந்த குழந்தைகள், பிள்ளை வேண்டித் தவித்த தம்பதிகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

பாட்டியின் பயம்

தத்து எடுக்கக் கணவனும் மனைவியும் சம்மதித்து விடுவார்கள். வீட்டுப் பெரியவர்கள்தான் தயங்குவார்கள். "யாரு பெத்த புள்ளையோ! என்ன குணம் வருமோ!" என்பார்கள்.

இந்தப் பயம் நியாயமா?

பரம்பரை தருவது

பிறந்ததும் பிரிந்து, வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டைப் பிள்ளைகளை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்து மனோதத்துவ நிபுணர்கள் தேடிப் பிடித்தார்கள். 1979-ல் இந்த ஆராய்ச்சி தொடங்கியது. ஒரே சாயல் கொண்ட இரட்டையருக்கு முகம் மட்டும் ஒத்திருக்கவில்லை. சுபாவமும் பெரிதும் ஒத்திருந்தது! மனிதருக்கு மனிதர் காணும் குண வேற்றுமையில், ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்று கணக்கிட்டார்கள்.

"பார்த்தாயா, எல்லாம் ரத்தம்தான்!" என்று பாட்டி சொல்லக் கூடும். பொறுங்கள்!

பரம்பரையாக வருவது ஒரு சாய்வுதான். ஒரு குழந்தை கூச்சப்படும். இன்னொன்று துறுதுறு என்று ஓடும். ஆனால் திருடனாகவோ, பொய்யனாகவோ எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் குழந்தை தொட்டிலுக்கு வந்தது ஏன்? வறுமை, வரதட்சிணைப் பயம், ஊர்ப் பேச்சு. இவை ரத்தத்தில் வருகிற வியாதிகளா?

வீடு தருவது

ஸ்வீடன் நாட்டில் 436 ஜோடி சகோதரர்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2015-ல் அதன் முடிவு வெளியாயிற்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவன் பெற்றோரிடம் வளர்ந்தவன். மற்றவன் தத்துப் போனவன். தத்து எடுத்தவர்கள் பெரும்பாலும் அதிகம் படித்தவர்கள். வாலிப வயதில் நடந்த புத்திக்கூர்மைப் பரீட்சையில், தத்துப் போனவர்கள் சராசரி 4 புள்ளிக்கு மேல் கூடுதலாக வாங்கினார்கள்.

பெற்றோர் ஒருவரே! வீடுதான் வேறு!

ருமேனியா நாட்டின் கதை இன்னும் உருக்கமானது. அங்கே அனாதை விடுதிகளில் குழந்தைகள் வரிசையாகக் கட்டிலில் கிடந்தார்கள். சோறு உண்டு; கொஞ்சுவாரில்லை. 2000-ம் ஆண்டு முதல் 136 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். விடுதியிலேயே இருந்தவர்களைவிட அவர்கள் அறிவிலும் பாசத்திலும் தேறினார்கள். அதிலும், 2 வயதுக்குள் வீடு கிடைத்த குழந்தைகள் மிக நன்றாகத் தேறினார்கள்.

ஐந்து வயது வரைகூடக் காத்திருக்கக் கூடாது போலிருக்கிறது!

நூலும் தறியும்

சேலம் அம்மாபேட்டை நெசவாளரைக் கேளுங்கள். ராசிபுரம் நெசவாளரைக் கேளுங்கள். நூல் நன்றாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் ஒரே நூலை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு சேலைகளும் ஒன்றாக இருக்குமா? சாயம் உண்டு. தறி உண்டு. நெய்கிற கை உண்டு.

பிள்ளையும் அப்படித்தான். கூச்சப்படும் குழந்தையை அதட்டினால் ஒடுங்கிப் போகும். தட்டிக் கொடுத்தால் தலை நிமிரும். நூலை மாற்ற நம்மால் முடியாது. நெசவு நம் கையில்!

தத்து எடுப்பவர்களுக்கு

பெற்ற பிள்ளை பொருளை உடைத்தால் "குறும்பு" என்கிறோம். தத்துப் பிள்ளை உடைத்தால் மட்டும் "ரத்தம்" என்று சொல்லலாமா? அந்த ஒரு சொல் பிஞ்சு மனதில் முள்ளாகத் தைக்கும்.

தத்து எடுத்த உண்மையைச் சின்ன வயதிலேயே அன்போடு சொல்லி விடுங்கள். பிறர் வாயால் தெரிந்தால் பிள்ளையின் நம்பிக்கை உடையும்.

தரகரிடம் குழந்தை வாங்குவது குற்றம். "காரா" எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து, சட்டப்படி எடுங்கள். கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 1098 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கர்ணனைப் பெற்றவள் குந்தி. ஆற்றில் மிதந்து வந்தவனை எடுத்து வளர்த்தவள் தேரோட்டியின் மனைவி ராதை. பிறப்பு தெரிந்த பிறகும் ராதையை அவன் விட்டுக் கொடுக்கவில்லை. "ராதேயன்" என்றே அவனுக்குப் பெயர் நிலைத்தது.

ராதேயன் என்றால் ராதையின் மகன்!