போர்முனையில் மாதர் நடத்திய சிற்றுண்டிச் சாலை

பணமும் தளவாடமும் பூரணமாகச் சேர்ந்த பின்னரே ஒரு காரியத்தைத் தொடங்கலாம் என்று காத்திருப்போர் அநேகர். கையிலுள்ளதைக் கொண்டு உடனே தொடங்குவோர் சிலரே. முதல் உலக மகாயுத்தத்தில், பிரான்ஸ் தேசத்தில் போர்முனைக்கருகே சிற்றுண்டி வழங்கிய மாதரின் வரலாறு இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

1917-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா யுத்தத்தில் பிரவேசித்தது. அந்நாட்டு இரட்சணிய சேனையின் தலைவியாகிய ஈவாஞ்சலின் பூத் அம்மையார், வீரர்களுக்கு உதவி புரியத் தொண்டர்களை அனுப்பினார். இப்பணிக்கு வேண்டிய முதல் 25,000 டாலரும் கடனாகவே பெறப்பட்டது. ஆடவரும் மாதருமாகச் சுமார் 250 பேர் சென்றனர்.

அவ்வருஷம் மோந்தியே என்னும் கிராமத்தில் ஒரு படைப்பிரிவு தங்கியிருந்தது. முப்பத்தாறு நாட்கள் இடைவிடாத மழை, எங்கும் சேறு, வீட்டு நினைவால் வாடிய இளைஞர்கள். அவர்களுக்கு வீட்டுப் பலகாரம் ஏதேனும் செய்து கொடுக்க வேண்டுமென்று மார்கரெட் ஷெல்டன், ஹெலன் பர்வையன்ஸ் என்னும் இரு மாதர் விரும்பினர். ஆனால் அடுமனை அடுப்பு இல்லை. கிடைத்தவை மாவு, சர்க்கரை, கொழுப்பு, மாவைப் பொங்கச் செய்யும் தூள், டின் பால் ஆகியவையே. இவற்றைக் கொண்டு செய்யத்தக்கது டோநட் என்னும் பொரித்த பலகாரம். திராட்சைரசப் புட்டியையே குழவியாகக் கொண்டு மாவைத் தேய்த்தனர். தாழ்ந்த அடுப்பின்முன் ஹெலன் அம்மையார் மண்டியிட்டு, சிறு சட்டியில் ஒரு தடவைக்கு ஏழாகப் பொரித்தெடுத்தார். முதல் நாள் தேறியவை 150. மறுநாள் அதற்கு இருமடங்கு. பின்னர் கிராமத்துக் கொல்லர் ஒருவர், பால் டின்னின் மூடியையும் சிறு குழாயொன்றையும் மரக்கட்டையில் பொருத்தி, நடுவில் துளையிடும் அச்சொன்று செய்து கொடுத்தார். சாதனங்கள் பெருகியபின், நாளொன்றுக்கு 2,500 முதல் 9,000 வரை செய்யப்பட்டன.

இம்மாதர் அபாயத்துக்கு அப்பால் இருந்தவரல்லர். குண்டு விழும் எல்லைக்குள், இரும்புத் தொப்பியும் விஷவாயு முகமூடியும் தரித்துப் பணியாற்றினர். கிழிந்த உடையைத் தைத்தும் கொடுத்தனர்.

ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் இவர்களுடைய நாணய முறையைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இவர்கள் இலாபம் நாடிப் பண்டம் விற்கவில்லை. சம்பளம் வரத் தாமதமாயின், வீரர்களுக்குக் கடனாகவும் கொடுத்தனர். ஜாமீன் கேட்கவில்லை; அவர்களுடைய வாக்கையே நம்பினர். பணம் கைக்கு வந்தவுடன், கடன்பட்டவர்கள் தேடிவந்து செலுத்தினர். நாளை உயிரோடிருப்போமோ என்று அறியாதவர்கள் இவ்வாறு கடனைத் தீர்த்தது சிந்திக்கத்தக்கது. வீரர்கள் மிச்சப்படுத்திய தொகையை அவர்களுடைய குடும்பங்களுக்குச் சேர்ப்பிக்கும் ஏற்பாடும் சேனையில் இருந்தது. சூதிலும் குடியிலும் அழிந்திருக்கக்கூடிய பணம் இவ்வாறு தாய்க்கும் மனைவிக்கும் உதவிற்று.

யுத்தம் 1918 நவம்பர் 11-இல் ஓய்ந்தது. மறு வருஷம் பூத் அம்மையாருக்கு அமெரிக்க அரசாங்கம் சிறந்த சேவைக்குரிய பதக்கம் வழங்கியது. வீடு திரும்பிய வீரர்களோ, சேற்றில் நின்று உண்ட அப்பலகாரத்தை நெடுங்காலம் மறக்கவில்லை.

வெள்ளமோ தீயோ நம் கிராமத்தைத் தாக்கும்போதும், பெருநிதி வரும்வரை காத்திருத்தல் வேண்டா. ஓர் அடுப்பும், ஒரு சட்டியும், அயலாரிடத்து நம்பிக்கையும் இருப்பின் முதல் நாள் வேலையைத் தொடங்கிவிடலாம்.