அரிசி வேறு, சோறு வேறு

இந்தியில் ‘சாவல்’ என்னும் சொல் கடையில் வாங்கும் தானியத்தையும் குறிக்கும். தட்டில் பரிமாறும் உணவையும் குறிக்கும். ஆங்கிலத்தில் ‘ரைஸ்’ என்னும் சொல்லும் அவ்வாறே வழங்குகிறது. தமிழில் அப்படியன்று. வயலில் விளைவது நெல். உமி நீக்கினால் அரிசி. உலையிலிட்டு வேகவைத்தால் சோறு. உணவின் ஆற்றலைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு நமக்குப் பெரிதும் பயன்படுகிறது.

உணவு உடலுக்குத் தரும் ஆற்றலைக் கிலோகலோரி என்னும் அலகால் அளக்கிறோம். பேச்சு வழக்கில் அதனைக் கலோரி என்றே சுருக்கிக் கூறுவர். ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. ஒரு கிராம் புரதமும் அவ்வளவே தருகிறது. ஒரு கிராம் கொழுப்போ 9 கிலோகலோரி தருகிறது. நீரிலிருந்து நமக்கு ஆற்றல் கிடைப்பதில்லை.

இனி, சமைக்கும்போது நிகழ்வதைக் காண்போம். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. அரிசி வேகும்போது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. 100 கிராம் அரிசி 250 முதல் 300 கிராம் வரை எடையுள்ள சோறாகிறது. எடை பெருகினாலும் ஆற்றல் பெருகுவதில்லை. அதே ஆற்றல் மிகுதியான எடையில் பரவி நிற்கிறது. எனவே 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கிலோகலோரியே இருக்கும்.

பருப்பும் கொண்டைக்கடலையும் அரிசியைப் போலவே வேகும்போது எடை கூடுகின்றன. இறைச்சியோ நீரை இழந்து எடை குறைகிறது. உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்தால் அது நீரை இழக்கிறது; அத்துடன் எண்ணெயையும் ஏற்கிறது. அப்போது அந்த எண்ணெயின் ஆற்றலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உணவுப் பொருள்களின் ஆற்றலை அறிய அட்டவணைகள் உள்ளன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுகளுக்கான விரிவான அட்டவணையை வெளியிட்டது. இந்நிறுவனம் 1918-இல் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கப்பெற்று, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்றது. இதன் அட்டவணையில் அரிசி, பருப்பு முதலியவற்றின் அளவுகள் சமைக்காத நிலைக்கு உரியவை. வேறு சில அட்டவணைகள் சமைத்த உணவின் அளவுகளைத் தருகின்றன. ஆகவே, அட்டவணை எந்நிலைக்கு உரியது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

இதனைப் பாராவிட்டால் என்ன நேரும்? நீரிழிவு நோயுள்ள ஒரு சிறுவன் உணவிலுள்ள மாவுச்சத்தைக் கணக்கிட்டு இன்சுலின் செலுத்திக்கொள்கிறான் எனக் கொள்வோம். 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உண்டு. 100 கிராம் அரிசியிலோ 78 கிராம் வரை உண்டு. அவன் சோற்றை எடைபோட்டு, அரிசிக்குரிய எண்ணைப் பார்த்துவிட்டால், தேவையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இன்சுலின் செலுத்த நேரிடும். இரத்தத்தில் சர்க்கரை அளவு திடீரெனக் குறைந்து அவன் மயங்கி விழக்கூடும். இங்கே சிறு பிழையும் உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

அப்படியாயின் எந்நிலையில் எடைபோடுவது நல்லது? சமைக்குமுன் எடைபோடுவதே உறுதியானது. ஏனெனில் உதிரியாக வடித்த சோற்றிலும் குழைய வேகவைத்த சோற்றிலும் நீரின் அளவு ஒன்றாக இராது. ஆனால், குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே பானையில் சமைக்கும்போது ஒருவருடைய அரிசியை மட்டும் தனியே எடைபோட இயலாது. அதற்கும் வழி உண்டு.

ஒரு வீட்டில் 400 கிராம் அரிசி வெந்து 1,100 கிராம் சோறானது எனக் கொள்வோம். 1,100-ஐ 400-ஆல் வகுத்தால் 2.75 கிடைக்கும். ஒருவர் தட்டில் 220 கிராம் சோறு இருந்தால், அதனை 2.75-ஆல் வகுக்க வேண்டும். விடை 80. அதாவது, அவர் உண்பது 80 கிராம் அரிசிக்கு ஈடானது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 280 கிலோகலோரி.

வளரும் சிறுவர் நாள்தோறும் உணவை எடைபோட்டு உண்ண வேண்டியதில்லை. பசிக்கேற்ப நல்லுணவு உண்பதே போதும். மருத்துவர் அளவு குறித்துக் கொடுத்தவர்க்கே இக்கணக்கு இன்றியமையாதது. உங்கள் வீட்டில் அத்தகையோர் இருப்பின், மருத்துவர் குறித்தது அரிசியின் அளவா, சோற்றின் அளவா எனக் கேட்டறிந்து கூறுங்கள்.

பயிற்சி

1. அரிசி சோறானதும் எடை கூடுகிறது, ஆற்றல் கூடுவதில்லை. ஏன்?
2. 200 கிராம் துவரம்பருப்பு வெந்தபின் 500 கிராம் ஆயிற்று. அதில் 100 கிராம் உண்டவர் எத்தனை கிராம் பருப்பை உண்டார்?
3. நெல், அரிசி, சோறு ஆகிய சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக.